ஏழாம் குழி, ஆறாம் நம்பர்

நம்பிராஜன் மட்டையைக் கொடுக்கிற விதமே தனி. தலைப்பக்கத்தைத் தன் உள்ளங்கையில் மூடிக்கொண்டு கைப்பிடியை மட்டும் நீட்டுவார். ராமசேஷன் சார் தூரத்துக் கொடியைப் பார்த்தபடியே வலது கையைப் பின்னால் நீட்டுவார். கைப்பிடி அதில் வந்து உட்காரும். அடித்து முடித்ததும் மட்டை அதே மாதிரி, திரும்பிப் பார்க்காமலே பின்னால் வரும். ஈரத்துணியால் ஒரு துடை, பையில் ஒரு சொருகு. இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். இந்தப் பழக்கம் மட்டும் இல்லாதிருந்தால் நம்பிராஜன் அந்த வம்பில் மாட்டியே இருக்க மாட்டார்.

மும்பையில், செம்பூரில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் அவர் கேடி. ஆடுகிறவரின் பையைச் சுமப்பது, பந்து எங்கே விழுந்தது என்று கண்ணால் பிடித்துவைப்பது, இந்த இடத்துக்கு இந்த மட்டை என்று சொல்வது, இதுதான் வேலை. தாராவியில் அவர் இருக்கும் சந்தில் முதலில் இதைச் சொன்னபோது, "கேடியா? போலீஸ் பிடிக்கலையா?" என்று சிரித்தார்கள். முப்பது வருஷம் கழித்தும் அதையே சொல்லிச் சிரிக்கிறவர்கள் உண்டு. சலிக்காமல் சிரிக்க அவர்களால் முடிகிறது, கேட்டுக்கொள்ள இவரால் முடிகிறது.

ராமசேஷன் மாட்டுங்காக்காரர். பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் நாற்பது வருஷம் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்து நாலு வயது. வாரத்தில் மூன்று நாள், காலை ஏழு மணிக்குப் பழைய காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார். அவர் மனைவி விஜயலக்ஷ்மி மாமி ஃபிளாஸ்கில் காப்பி கொடுத்துவிடுவாள். எவர்சில்வர் டம்ளர் இரண்டு இருக்கும். ஒன்று சாருக்கு, ஒன்று நம்பிக்கு. மாமியை நம்பிராஜன் நாலைந்து தடவைதான் பார்த்திருப்பார். ஆனால் அந்த இரண்டாவது டம்ளரை அவர் மறக்கவே இல்லை.

கொரோனாவின் இரண்டாவது அலையில் மாமி போய்விட்டாள். சார் எட்டு மாதம் வரவில்லை. திரும்பி வந்த அன்று சட்டை தோளில் தொங்கியது. ஃபிளாஸ்க் இல்லை. நாலாவது குழியில் ஆறாம் நம்பர் இரும்பு மட்டையைக் கேட்டு வாங்கி அடித்தார். வழக்கமாக அந்த மட்டையில் கிரீனுக்கு, குழியைச் சுற்றி மழித்துவைத்த புல்தரைக்கு, நடுவே போய் விழும் பந்து, அன்றைக்கு முன்னால் இருந்த குட்டையில் தொப்பென்று விழுந்தது. சார் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"போறும் நம்பி. அவளோட எல்லாமே போயிடுத்து. இந்தப் பையை யாருக்காவது குடுத்துடு."

நம்பிராஜன் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. அதில் தன் பிழைப்பைப் பற்றிய பயமும் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் பெரும்பங்கு அந்த மனுஷனின் முகம்தான். அப்படிச் சொல்லிவிட்டும் பழக்கத்தில் அடுத்த குழிக்கு நடந்து, சார் கையை நீட்டி, மறுபடி ஆறு என்றார். நம்பியின் கை பைக்குள் போனது. ஆறைத் தொட்டது. தொட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த ஐந்தை எடுத்தது. தலையை உள்ளங்கையில் மூடி, பிடியை நீட்டினார்.

நம்பர் சின்னதாகச் சின்னதாகப் பந்து தூரம் போகும். கோல்ஃப் தெரியாதவர்கள் இதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். நம்பர் மட்டையின் அடிப்பாகத்தில் இருக்கும். தரையில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாது. உற்றுப் பார்த்தால் தலையின் சாய்வை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஆனால் சாருக்கு அப்போது கண்ணில் புரை, தவிர அவருக்கு உற்றுப் பார்க்கவேண்டிய அவசியம் என்ன இருந்தது? பந்து கிரீனில் போய் விழுந்தது. "ஆறு இன்னும் செத்துப்போகலை," என்றார் சார். அன்றைக்கு வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்காகத் தொடங்கியது மூன்று வருஷம் ஓடியது. ஆறு கேட்டால் ஐந்து, ஐந்து கேட்டால் நாலு. அடுத்த வருஷம் உடம்பு இன்னும் கொஞ்சம் தளர்ந்தது. ஆறு கேட்டால் நாலு என்றானது. அமெரிக்காவில் இருக்கும் மகளிடம் சார் போனில் பெருமையடித்துக்கொள்வது நம்பியின் காதில் விழும். "அப்பாவோட அஞ்சாம் நம்பர் இன்னிக்கும் நூத்தம்பது கஜம் போறதுடீ." நம்பி அப்போது பந்து தேடுகிறவர் மாதிரி புல்லைப் பார்த்துக்கொண்டு நடப்பார்.

இதற்கு நடுவில் ஒரு ஜனவரி மாதக் காலை. ஏழாவது குழி இறக்கத்தில் இருக்கிறது. சார் ஆறு கேட்டார். நம்பி நாலாம் நம்பரைப் பாதி உருவிவிட்டார். அந்த நேரம் பார்த்து முதுகுப்பக்கமிருந்து நல்ல காற்று கிளம்பியது. இறக்கமும் சேர்ந்தால் நாலு கிரீனைத் தாண்டிப் போய்விடும் என்று மனம் கணக்குப் போட்டது. நாலை உள்ளே தள்ளிவிட்டு, சார் கேட்ட ஆறையே கொடுத்தார். பந்து உயரப் போய், கிரீனில் ஒரு துள்ளு துள்ளி, உருண்டு, கொடிக்கம்பத்தடியில் காணாமல் போனது. ஒரே அடியில் குழி. எத்தனையோ பேர் ஆயுசு பூராவும் ஆடியும் கிடைக்காதது. சார் புல்லில் உட்கார்ந்துவிட்டார். அழுதார். நம்பியும்தான்.

ஒரே அடியில் போட்டவர்களுக்கு அந்த மைதானத்தில் ஒரு மரியாதை உண்டு. கட்டடத்தின் வராந்தாவில் தேக்குப் பலகையில் பொன் எழுத்தில் பெயர், தேதி, எத்தனையாவது குழி, எந்த மட்டை என்று எழுதுவார்கள். தேதியோடு 'ராமசேஷன், 7, 6' என்று எழுதினார்கள். அந்தப் பந்தை சார் சின்னப் பீடத்தில் ஒட்டி, பித்தளைத் தகட்டில் அதையே பொறித்து, வீட்டில் மாமியின் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

இந்த வருஷம் மழை முடிந்தபோது நம்பியின் பொய்க்கு மட்டை தீர்ந்துபோனது. சார் ஐந்து கேட்டால் இனி மூன்றைக் கொடுத்தால்தான் எட்டும். மூன்றாம் நம்பர் இரும்போ பொல்லாதது. தகடு மாதிரி ஒல்லித் தலை, நீளத் தண்டு. வாலிபனுக்கே பந்து எழும்பாது. சார் அடித்த நாலு பந்தும் தரையோடு தரையாக ஓடிப் புதரில் புகுந்தன. "என்ன ஆச்சு என் அஞ்சுக்கு?" என்று சார் கையை உதறிக்கொண்டார்.

திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை. அன்று மட்டும் கேடிகள் ஆடிக்கொள்ளலாம். வெங்கடேஷ் என்ற இளையவன் ஒருவன், யாரோ மெம்பர் கழித்துக் கொடுத்த ஹைப்ரிட் மட்டை ஒன்று வைத்திருந்தான். தூரத்துக்கு அடிக்கிற பருத்த தலை வுட் மட்டைக்கும் இரும்புக்கும் பிறந்த பிள்ளை அது. தலை உருண்டு சின்னதாக இருக்கும். பின்புறம் கொஞ்சம் வயிறு, கனமெல்லாம் அடியில். நம்பி அதை வாங்கி, உயர்ந்த புல்லுக்குள் கிடந்த பந்தை அடித்துப் பார்த்தார். ஐம்பத்தாறு வயசுத் தோளுக்கே பந்து தூக்கிவிட்டதுபோல எழும்பியது.

"எண்ணே, கெழவனுவளுக்குன்னே செஞ்ச சாமான்லா இது," என்றான் வெங்கடேஷ்.

நம்பிக்கு வழி தெரிந்துவிட்டது. இதில் இரண்டு பையில் இருந்தால் இன்னும் மூன்று வருஷம் ஓட்டலாம். மறுநாளே சாரிடம் பேச்சை எடுத்தார். "மூணும் நாலும் எதுக்கு சார் வெட்டியா? இப்ப எல்லாரும் ஹைப்ரிட்தான். டிவியில ஆடுத பெரிய பெரிய ஆளுவகூட வச்சிருக்காவ."

சார் முதலில் முறைத்தார். கிழவர்கள் மட்டை என்றார். நம்பி விடவில்லை. கடைசியில், "சரி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார். எத்தனை தடவை கேட்ட வார்த்தை. அன்றைக்கு அது சுருக்கென்று தைத்தது.

அந்தேரியில் கடை. சார் காரில் முன்சீட்டில் நம்பி, பின்சீட்டில் பை. கடையென்றால் அலமாரியில் மட்டைகள் சாத்தியிருக்கும், தடவிப் பார்த்து ஒன்றை எடுத்து இதுதான் என்று சொல்லிவிடலாம் என்று நம்பி நினைத்திருந்தார். அங்கேதான் அவர் தவறினார். உள்ளே வலை கட்டிய ஒரு அறை. தரையில் ஒரு பெட்டி, சுவரில் பெரிய திரை. அடித்தால் பந்து எத்தனை கஜம் போயிருக்கும் என்று திரை சொல்லிவிடும்.

மட்டை பொருத்திக் கொடுக்கிற பையன் நகுல் என்று பெயர் சொன்னான். நல்ல பையன், மரியாதையாகப் பேசினான். ஹிந்திதான். "ஹைப்ரிட்டை நம்பர் பார்த்து வாங்கக்கூடாது சார். பையில் எந்த தூரத்துக்கு மட்டை இல்லையோ அந்த ஓட்டையை அடைக்கத்தான் வாங்கணும். உங்க அஞ்சாம் நம்பர் எவ்வளவு போகும்?"

"நூத்தம்பது," என்றார் சார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தானே பையிலிருந்து ஐந்தை உருவினார். நம்பி நகரக்கூட இல்லை.

திரையில் நூற்றிருபத்தாறு என்று வந்தது. அடுத்தது நூற்றிருபத்து நாலு. அடுத்தது நூற்றிருபத்தொன்பது. பெட்டி பழுதோ என்று சார் கேட்டார். நகுல் தன் மட்டையால் ஒன்று அடித்துக் காட்டினான். பழுதில்லை. அவன் சார் மனம் நோகாதபடி பேச்சை மாற்ற நினைத்து, மாமி போவதற்குச் சில மாதம் முன்பு சார் புதிதாக வாங்கியிருந்த அந்த இரும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, பந்தில் படும் முகத்தைப் பார்த்தான்.

"நீங்க நாலாம் நம்பர்தான் அதிகம் ஆடுவீங்களா சார்? நடுவுல நல்லா தேஞ்சிருக்கு. ஆறு புதுசு மாதிரியே இருக்கே."

"நாலை நான் தொடறதே இல்லையே," என்றார் சார்.

சொன்னவர் அந்த நாலை வாங்கினார். நாற்பது வருஷம் இரும்பு எங்கே தேய்கிறது, ஏன் தேய்கிறது என்று பார்த்துச் சம்பளம் வாங்கின மனுஷன். கட்டைவிரலால் மட்டையின் நடுவில் தேய்ந்து பளபளத்த வட்டத்தைத் தடவினார். பிறகு ஆறை வாங்கித் தடவினார். நம்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலையே என்று நம்பிக்கு இருந்தது.

"எழுதிக்கோ," என்றார் நகுலிடம், அமைதியாக. "அஞ்சு, நூத்தி இருபத்தாறு. அஞ்சாம் நம்பர் வுட்டையும் அடிச்சுப் பாக்கறேன்." வுட் நூற்று ஐம்பது போனது. இரண்டுக்கும் நடுவே இருபத்து நாலு கஜம் வெறும் ஓட்டை. நகுல் நாலைந்து ஹைப்ரிட்டைக் கொண்டுவந்தான். தண்டு லேசாக, கொஞ்சம் வளைந்துகொடுக்கிறதாக வேண்டும் என்றான். "தூக்கப் பார்க்காதீங்க சார். இரும்பு மாதிரியே பந்தின் மேல் கீழ்நோக்கி அடிங்க. தூக்கற வேலையை அது பார்த்துக்கும்." பந்தை நடுவிலிருந்து ஒரு விரல் முன்னால் வைக்கச் சொன்னான். சார் சொன்ன பேச்சுக் கேட்கும் மாணவனைப்போல அடித்தார். நாலாம் நம்பர் ஹைப்ரிட் நூற்று நாற்பது போனது. ஐந்து நூற்று முப்பத்து மூன்று. இரண்டையும் எடுத்துக்கொண்டார். மூன்று, நாலு, ஐந்து இரும்புகள் பையை விட்டு வெளியே வந்தன.

அந்த மூன்றையும் சேர்த்துப் பிடித்து நம்பியிடம் நீட்டினார். தலைப்பக்கம் அவர் கையில், பிடி நம்பியின் பக்கம். "இதெல்லாம் இத்தனை நாள் நீதானே வச்சிண்டிருந்தே. நீயே வச்சுக்கோ."

திரும்பும்போது லிங்க் ரோட்டில் வண்டிகள் ஊர்ந்தன. மடியில் அந்த மூன்று இரும்பும் கிடக்க, நம்பி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்போலேர்ந்து?" என்று கேட்டார் சார்.

"மாமி போனதுக்கு அப்புறம் சார். நீங்க அன்னைக்குப் பையைக் குடுத்துருன்னு சொன்னியள்லா."

"ஒரு தடவையாவது சொல்லணும்னு தோணலையா?"

"தோணுச்சு சார். நீங்க சிரிப்பிய. அப்புறம் சொல்ல வாய் வராது."

சிக்னலில் வண்டி நின்றது. சார் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். முன்னால் நின்ற பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்போ அந்த ஏழாம் குழி?"

"அது ஆறுதான் சார்." நம்பி அவசரமாகத் திரும்பினார். "அன்னைக்கு மட்டும் நீங்க கேட்டதத்தான் குடுத்தேன். காத்து பின்னால இருந்து வந்துது. நாலை உருவிட்டு உள்ள வச்சேன். நெசமா சார். எம் பிள்ள மேல சத்தியம்."

"சரி," என்றார் சார். கடையில் நகுல் விலை சொன்னபோது சொன்ன அதே 'சரி'. சயான் வந்ததும் காரை ஓரமாக நிறுத்தினார். நம்பி அங்கே இறங்கித் தாராவிக்கு நடந்தார்.

வீட்டில் மனைவி ஆறுமுகத்தாய் மூலையில் சாத்திவைத்த இரும்புகளைப் பார்த்தாள். "சார் குடுத்தாவளா? நல்ல மனுசன்." பிறகு முகத்தைப் பார்த்தாள். "என்ன, மூஞ்சி செத்துக் கெடக்கு?"

"ஒண்ணுமில்லட்டி. தலவலி."

அவள் தைலத்தை எடுத்துக் கொடுத்தாள். தலைவலி இல்லாத நெற்றியில் அதைத் தேய்த்துக்கொண்டு அவர் படுத்துக்கிடந்தார். கண் எரிந்தது, அதற்குத் தைலம் ஒரு சாக்காக இருந்தது.

சார் வேறு கேடியை எடுத்துக்கொள்வார் என்றுதான் நம்பி நினைத்தார். எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை அதே ஏழு மணிக்கு வந்தார், அதே மாதிரி பையைக் கொடுத்தார். மூன்றாவது குழியில் கையைப் பின்னால் நீட்டி, "ஹைப்ரிட், நாலு," என்றார். நம்பி நாலையே கொடுத்தார். சார் அதை வாங்கி, தலைகீழாகத் திருப்பி, கண்ணாடியை உயர்த்தி, அடியில் இருந்த நம்பரைப் படித்தார். அதற்குப் பிறகுதான் அடித்தார். அருமையான அடி. பந்து வளையாமல் உயர்ந்து கிரீனில் இறங்கியது. அந்த மட்டை அவருக்கென்றே செய்தது மாதிரி இருந்தது.

"நல்ல அடி சார்," என்றார் நம்பி.

சார், கூட ஆடியவரின் பையைச் சுமந்த வெங்கடேஷிடம் திரும்பி, "எத்தனை கஜம் போயிருக்கும்பா?" என்று கேட்டார். பதினெட்டுக் குழியிலும் அப்படித்தான். கேட்பார், வாங்குவார், திருப்பிப் படிப்பார், அடிப்பார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருக்கலாம். இதை என்ன செய்வது என்று நம்பிக்குத் தெரியவில்லை.

புதன்கிழமை காலையில் பைகளை வைக்கும் இடத்தில் நம்பி நின்றிருந்தார். கேடிகள் வராந்தாவுக்குள் போகக்கூடாது. ஆனால் அங்கிருந்து பலகை தெரியும். ஒருவன் ஸ்டூல் போட்டு ஏறி, சின்ன டப்பாவில் பழுப்புப் பெயின்டைக் குழைத்துக்கொண்டிருந்தான். புதிதாக யாரோ ஒரே அடியில் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தார். அவன் பிரஷ் பலகையின் கீழ்ப்பக்கம் போகாமல் நடுவில் போய் நின்றது. ராமசேஷன் என்ற பெயருக்கு நேரே.

நம்பி படியில் ஒரு காலை வைத்துவிட்டார். "பாய், க்யா கர் ரஹா ஹை? வோ நம்பர் பராபர் ஹை," என்றார். என்ன செய்கிறாய், அந்த நம்பர் சரிதானே என்று.

அவன் சட்டைப் பையிலிருந்து ஆபீஸ் சீட்டைக் காட்டினான். மெம்பரே எழுதிக் கொடுத்தாராம். எந்த மட்டை என்பது நிச்சயமில்லை, ஆகவே அதை மட்டும் எடுத்துவிட வேண்டியது என்று. பெயர் அப்படியே இருந்தது, தேதி இருந்தது, ஏழு இருந்தது. ஆறின்மேல் பிரஷ் இரண்டு தடவை போய் வந்தது. மூன்றாவது தடவைக்குப் பொன் கொஞ்சம்கூடத் தெரியவில்லை.

சார் காரை நிறுத்திவிட்டு வந்தார். நம்பி பையைத் தூக்கவில்லை.

"சார், அது ஆறுதான்."

ராமசேஷன் அவரை அப்போதுதான் நேராகப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லை. நாலாவது குழியில் குட்டையைப் பார்த்துக்கொண்டு நின்ற அதே முகம்.

"இருக்கலாம் நம்பி. ஆனா இனிமே அது எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் முதல் குழியை நோக்கி நடந்தார். நம்பி பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பின்னால் போனார். மூன்றாவது குழியில் சார் கையை நீட்டி ஹைப்ரிட் கேட்டார். நம்பி இந்தத் தடவை தலையைக் கையில் மூடவில்லை. அடிப்பாகத்தை மேலே திருப்பி, நம்பர் தெரிகிற மாதிரி நீட்டினார். சார் வாங்கி, இருந்தாலும் ஒருமுறை படித்துவிட்டு, பந்தின் பக்கத்தில் போய் நின்றார்.